தெரு ஏறியதா, வீடு இறங்கியதா? மேற்கு மாம்பலத்து வாசற்படி ஒன்றைப் பற்றிய கேள்வி

கேள்வி: கீழைவாசல்

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுந்தெருவில் எங்கள் பூர்விக வீடு இருக்கிறது. 1950களின் இறுதியில் என் தாத்தா கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய சுவர், மரத்துலாம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, வாசலின் இருபுறமும் திண்ணை, நடுவில் ஒரு சிறு முற்றம், பின்கட்டில் கிணறு என்று அந்தக் காலத்து மாம்பலம் வீடுகளுக்கு உரிய அமைப்பு அப்படியே இருக்கிறது. நான் இருபது ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். எழுபத்தெட்டு வயதான என் தாயார், பகலில் துணைக்கு வரும் ஒரு பெண்மணியுடன், அந்த வீட்டிலேயே வசித்து வருகிறார்.

என் சிறுவயதில் தெருவிலிருந்து மூன்று படிகள் ஏறித்தான் திண்ணைக்குப் போவோம். இன்று அதே வாசலுக்குத் தெருவிலிருந்து அரை அடி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. படிகள் இருந்த சுவடே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தால், தெருவில் போகும் ஸ்கூட்டரின் சக்கரம் நம் முழங்காலுக்கு நேராக உருளுகிறது. இரும்புக் கதவு வெளிப்பக்கம் திறந்த காலம் போய், அதன் அடிப்பகுதியை இரண்டு முறை வெட்டி, இப்போது உட்பக்கமாகத் திறக்கும்படி மாற்றியிருக்கிறோம். வாசலில் ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் வைத்து ஒரு தடுப்புக் கட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லோரும் கோயில் நிலைப்படியைத் தாண்டுவதுபோல அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள். தாயாருக்கு மட்டும் அது ஒவ்வொரு நாளும் ஆபத்து.

2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. முதல் முறை அதைப் பேரிடர் என்று ஏற்றுக்கொண்டோம். மற்ற இரு முறையும் தெருத்தண்ணீர் தடுப்பைத் தாண்டும் முன்பே, கழிவறைப் பீங்கான் வழியாகச் சாக்கடை நீர் பின்னோக்கி வந்து கூடத்தை நிரப்பியது. இப்போது புயலே வேண்டாம். ஐப்பசியில் இரண்டு மணி நேரம் அடைமழை பெய்தாலே முற்றம் குளமாகிறது.

என் தம்பி, வீட்டைக் கட்டுநர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அடியில் வண்டி நிறுத்தம் வைத்து மூன்று மாடி எழுப்பி ஆளுக்கொரு குடியிருப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். தாயார் தம் காலத்துக்குப் பிறகு எதையும் செய்துகொள்ளுங்கள் என்கிறார். வீட்டை அப்படியே ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் காணொளிகளை அனுப்பியிருக்கிறார். உண்மையில் தெருதான் இவ்வளவு ஏறியதா, அல்லது எங்கள் வீடு மண்ணில் இறங்கியிருக்கிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது? தெருதான் ஏறியது என்றால், இந்த வகைப் பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது தகுமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில்: தார்க்கொப்பரை

ஐயா, சாலைப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் வீடு இறங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வீடு மண்ணில் அமர்ந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமராது. ஒரு மூலை அதிகம் இறங்கும், சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், கதவு நிலையில் சிக்கும். இரண்டடி சீராக இறங்கிய வீடு ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இரண்டடி ஏறிய தெருக்களையோ எண்ணி மாளாது.

தெரு எப்படி ஏறுகிறது என்றால், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போடுவதால்தான். உட்புறத் தெருக்களில் மேற்பூச்சுக்கு மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் கனம் போடுவது வழக்கம். ஒரு முறை பார்க்கும்போது அது ஒன்றுமில்லை, விரல் கனம்தான். ஆனால் நாற்பது ஆண்டுகளில் பத்து முறை போட்டால் நாற்பது சென்டிமீட்டர் ஆகிறது. இடையிடையே குடிநீர்க் குழாய்க்கும், பாதாளச் சாக்கடைக்கும், மின்கேபிளுக்கும், தொலைபேசிக் கேபிளுக்கும் தெருவைத் தோண்டுவார்கள். தோண்டிய பள்ளத்தைத் தூர்க்கும்போது மண் சரியாக இறுகாது, பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தைச் சரிசெய்யத் தெரு முழுவதற்கும் ஜல்லிப் படுகை ஒன்று விரித்து, அதற்கு மேல் தார் போடுவார்கள். அப்படி ஒரு முறை நடந்தால் பத்து சென்டிமீட்டர் சேர்ந்துவிடும். நீங்கள் சொல்லும் மூன்று படி ஏற்றமும் அரை அடி இறக்கமும் சேர்ந்து இரண்டடி வருகிறது. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

சுரண்டாமல் போடுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல் வைத்த உருளை சுழன்று பழைய தாரைச் செதுக்கும் மில்லிங் இயந்திரம் பெரியது. செதுக்கிய கலவையை வாங்கிக்கொள்ள ஒரு லாரி அதன் முன்னால் நகர வேண்டும். இரு பக்கமும் கார்கள் நிற்கும் பதினைந்தடித் தெருவில் இரவு பத்து மணிக்குப் பிறகு இதை நடத்துவது எளிதன்று. சிறிய இயந்திரங்கள் பிற்காலத்தில்தான் வந்தன. பேருந்து போகும் சாலைகளில் மில்லிங் வழக்கமானபோதும் குறுந்தெருக்களில் அது விட்டுப்போனதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: செதுக்கிவிட்டுப் போட்டால் வேலை இரண்டு நாள் நீளும், கரிய புதுச் சாலை நாளைக் காலையே வேண்டும் என்று கேட்டவர்களில் குடியிருப்போரும் இருந்தார்கள். 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளரே, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் சாலை போட வேண்டும், மட்டம் உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று கடிதம் மூலம் அறிவுறுத்தினார். அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் அந்த அறிவுறுத்தல் இனி ஏறாமல் தடுக்குமே அன்றி, ஏறியதை இறக்காது.

உறுதிசெய்ய எளிய வழி இரண்டு உண்டு. தெருவிலுள்ள பாதாளச் சாக்கடை மூடியைப் பணியாளர்கள் திறக்கும் நாளில் எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மூடியைத் தூக்கி, அதன் கழுத்தில் செங்கல்லோ கான்கிரீட் வளையமோ வைத்து உயர்த்துவார்கள். ஒவ்வொரு காலத்துச் சிமெண்டும் ஒவ்வொரு நிறமாக, மரத்தின் வளையங்களைப்போல் அடுக்காகத் தெரியும். இரண்டாவது வழி, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம். ஒளிபுகும் ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உங்கள் கூடத்துத் தரையிலும் மறுமுனையைத் தெருக்கோடியில் உள்ள பழைய கோயில், பள்ளி அல்லது மின்மாற்றிப் பீடம் எதிலாவதும் வைத்துப் பாருங்கள். ஒரே காலத்தில் கட்டியவை எல்லாம் ஒரே அளவு தாழ்ந்து தெரிந்தால், ஏறியது தெருதான்.

ஆனால் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது வேறு. தெருத்தண்ணீர் உள்ளே வருவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உங்கள் முற்றத்தில் விழும் மழை வெளியே போக முடியாததை யாரும் பார்ப்பதில்லை. அந்த முற்றத்தின் தூம்பு, தெரு தாழ்ந்திருந்த காலத்தில், திண்ணைக்கு அடியாகப் போய்த் தெருக்கால்வாயில் விழுந்திருக்கும். இன்று கால்வாயின் மேல்மட்டம் உங்கள் முற்றத்தைவிட உயரம். ஆகவே வாசலில் இரண்டடித் தடுப்பு எழுப்பினாலும், உங்கள் கூரையும் முற்றமும் வாங்கும் மழையே உங்களை மூழ்கடிக்கும். கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வருவதும் இதே கணக்குதான்: தெருவின் ஆள்நுழைகுழி, அதாவது பாதாளச் சாக்கடை மூடிக்கு அடியிலுள்ள குழி, நிரம்பும் மட்டத்துக்குக் கீழே உங்கள் பீங்கான் இருக்கிறது. முதலில் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் சாக்கடை இணைப்பில் ஒருவழி வால்வு ஒன்று பொருத்துங்கள். முற்றத்தில் ஒரு தொட்டி கட்டிச் சிறு மோட்டார் வையுங்கள். மற்ற முடிவுகளை நிதானமாக எடுக்கலாம்.


பதில்: கோலப்பொடி

தம்பி, உங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து தெரு தள்ளித்தான் நான் இருக்கிறேன். திருமணமாகி 1981இல் இந்த வீட்டுக்கு வந்தேன். பொறியாளர் ஐயா எழுதியதைப் படித்ததும், இவ்வளவு காலமும் என் கண்ணெதிரே நடந்ததற்கு இன்றுதான் பெயர் தெரிந்தது.

தெரு ஏறியதை நான் முதலில் அறிந்தது அடிபம்பில்தான். வாசலோரம் இருந்த அடிபம்பின் மூக்குக்குக் கீழே முதலில் பித்தளைக் குடம் நின்றது. பிறகு பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து வைத்துப் பிடித்தோம். அதற்கும் பிறகு, பம்பைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்துக்குள் குடத்தை இறக்கிப் பிடித்தோம். தண்ணீர்தான் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் பேசினோமே தவிர, தெரு மேலே வந்துகொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோலமும் அப்படித்தான். நான் வந்த புதிதில் வாசலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே நான்கடி மண்தரை இருந்தது. சாணம் தெளித்து அதில் கோலம் போட்டால் நாள் முழுவதும் நிற்கும். அந்த மண்ணின்மேல் மழைநீர்க் கால்வாயின் சிமெண்டு மூடி வந்தது. கோலம் மூடியின்மேல் ஏறியது. பக்கத்தில் அடுக்குமாடி வந்தபோது கார் ஏறுவதற்குச் சாய்தளம் கட்டினார்கள். பார்த்து நாங்களும் கட்டினோம். இன்று மார்கழியில் என் மருமகள் சாய்தளத்தில் கோலம் போடுகிறாள். மேலே வைத்த புள்ளியும் கீழே வைத்த புள்ளியும் ஒரே தளத்தில் இல்லாததால், நேராகப் போட்ட சிக்குக் கோலமும் எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் சரிந்துதான் தெரிகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் வீட்டைத் தூக்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. உள்ளே தரையை உயர்த்தினோம். பழைய வீடுகளில் கூரை உயரம் பதினோரு அடி, பன்னிரண்டு அடி என்று இருப்பது இதற்குப் பெரிய வசதி. எங்கள் வீட்டில் பதினோரு அடி. அதில் இருபது அங்குலம் நிரப்பிய பிறகும் ஒன்பதடிக்கு மேல் மிஞ்சியது. புதிதாக வரும் அடுக்குமாடிகளில் இருக்கும் உயரம் அவ்வளவுதான். கிரஷர் தூசியும் கிராவலும் கலந்து, அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். இடித்த கட்டடக் குப்பையைக் கொட்டி நிரப்பிக் கொடுக்கிறேன் என்று ஒருவர் குறைந்த விலைக்கு வந்தார். அதில் கிடக்கும் மரத்துண்டும் சாக்கும் பின்னாளில் மக்கித் தரையை இறக்கிவிடும், கரையானையும் அழைத்துவரும் என்று எங்கள் மேஸ்திரி தடுத்துவிட்டார்.

எதிர்பாராத தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். தரை உயர்ந்ததும் நிலைகளையும் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் நிலைக்கு மேலுள்ள சுவரை வெட்டி, மேற்சுவரைத் தாங்கும் குறுக்குச் சட்டமான லிண்டலைப் புதிதாகப் போட வேண்டும். வாசல் நிலை தேக்கில் கஜலட்சுமி செதுக்கியது என்பதால் என் மாமியார் அது மேலே ஏறும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சன்னல்களை உயர்த்தப் பணம் போதவில்லை. மூன்றடி உயரத்தில் இருந்த சன்னல் விளிம்பு இப்போது ஒன்றேகால் அடி உயரத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்காகக் கம்பி நெருக்கிப் போட்டோம். மற்றபடி அதில்தான் நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தெருவுக்குத் திண்ணை போனது, உள்ளே சன்னல் திண்ணையாகிவிட்டது. கழிவறையை உயர்த்தும்போது கூடத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாகவே உயர்த்தச் சொல்லுங்கள். நிலத்தடித் தொட்டியின் வாயையும் மறக்காமல் தூக்கிக் கட்டுங்கள். 2015இல் எங்கள் குடிநீர்த் தொட்டிக்குள் சாக்கடை போனதில் ஒரு மாதம் லாரித் தண்ணீரில் வாழ்ந்தோம்.

2021இலும் 2023இலும் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. எங்கள் கூடம் நனையவில்லை.


பதில்: ஏரிக்கரை

எல்லாப் பழியையும் தார் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தி.நகர் என்பதே 1920களில் மாம்பலம் நெடுங்குளத்தை வடித்து உருவாக்கிய குடியிருப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே ஏரியாக இருந்த நிலம் அது. கேள்வி கேட்டவர் குறிப்பிடும் லேக் வியூ சாலை என்ற பெயரே எதைப் பார்த்து வைத்தது என்று யோசிக்கலாம். மேற்கு மாம்பலத்தில் கொசுவும் யானைக்கால் நோயும் ஒரு காலத்தில் ஊரறிந்த பேச்சாக இருந்ததற்குத் தார்ச்சாலை காரணமன்று. தண்ணீர் வடியாத நிலம்தான் காரணம். நடுவே ரயில் பாதை வடக்குத் தெற்காகக் கரைபோல் ஓடுகிறது. மழை பெய்தால் துரைசாமி சுரங்கப் பாதையும் அரங்கநாதன் சுரங்கப் பாதையும் முதலில் நிரம்புவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கிழக்கே மாம்பலம் கால்வாய் அடையாற்றில் போய்ச் சேர வேண்டும். ஆற்றிலேயே வெள்ளம் வந்தால் கால்வாய் எங்கே போய் வடியும்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்த இரவில், எந்தத் தெரு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்குப் பொருளே இல்லாமல் போயிற்று.

தரையை உயர்த்தினால் உங்கள் வீடு தப்பிக்கும். அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒவ்வொருவரும் உயர்த்திக்கொண்டே போனால் உயர்த்த வசதியில்லாத வீடே தெருவின் குட்டையாக மாறும். எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அதில் குடியிருப்பவர் வாடகைக்கு இருக்கும் ஒரு சமையல்காரர்.


பதில்: தார்க்கொப்பரை

ஏரிக்கரை சொல்வதில் தவறில்லை. நிலம் தாழ்ந்தது என்பதும் உண்மை, தார் ஏறியது என்பதும் உண்மை. ஆனால் முன்னதை யாராலும் மாற்ற முடியாது என்பதால், பின்னதைப் பற்றிப் பேசுகிறோம். ஏரி நிலத்தில் வீடு கட்டியவர்கள் அதை அறிந்துதான் மூன்று படி உயரம் வைத்துக் கட்டினார்கள். அந்த மூன்று படிகள் அலங்காரம் இல்லை. அந்தக் காலத்து வெள்ளத் தடுப்பு அதுதான். நாம் மேலே நிரப்பிக்கொண்டே வந்து அதை எடுத்துவிட்டோம்.

கூடவே ஒன்று: உங்கள் கதவுத் தூணிலோ மின்கம்பத்துப் பீடத்திலோ இன்றைய தெரு மட்டத்தைப் பெயிண்டில் கோடாக வரைந்து, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த முறை சாலை போட வருபவர்களிடம் அந்தக் கோட்டைக் காட்டி, இதற்கு மேல் வரக் கூடாது என்று சொன்னால், வாய்ப்பேச்சுக்கு இல்லாத மதிப்பு அதற்கு இருக்கும். வேலை முடிந்த பிறகு ஐயம் வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டையும், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தையும் கேட்டுப் பெறலாம். மில்லிங் செய்ததாக அளவு எழுதியிருந்தால் அந்த எண் அதில் இருக்கும். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் பதிவுசெய்து புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதும் நல்லது.


பதில்: சுண்ணாம்புச்சுவர்

ஜாக்கி பற்றிக் கேட்டதற்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் கட்டமைப்புப் பொறியாளர். சென்னையில் இவ்வாறு தூக்கிய வீடுகள் சிலவற்றை வேலைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்திருக்கிறேன்.

காணொளியில் மாயவித்தைபோல் தெரிந்தாலும் செய்முறை எளியது. அடித்தளத்தை ஒட்டிச் சுற்றிலும் பள்ளம் தோண்டி, சுவரின் அடிப்பகுதியில் ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் துளைத்து, இரும்புச் சட்டங்களைக் கொடுத்து, அவற்றின்கீழ் திருகு ஜாக்கிகளை வைப்பார்கள். இருநூறு, முந்நூறு ஜாக்கிகளுக்கு வரிசையாக ஆட்கள் நின்று, ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருக வேண்டும். ஒரு குரலுக்கு ஏறுவது சில மில்லிமீட்டர்தான். வேண்டிய உயரம் வந்ததும் இடைவெளியில் செங்கல் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளையும் அடைப்பார்கள். உள்ளே மண் நிரப்பிப் புதுத் தரை போடுவது தனிச் செலவு; இதைப் பலர் ஒப்பந்தம் பேசும்போது கேட்டுக்கொள்வதில்லை. குடிநீர், சாக்கடை, மின் இணைப்புகளையும் மறுபடி கொடுக்க வேண்டும்.

சிமெண்டுச் சாந்தில் கட்டி, கான்கிரீட் தளம் போட்ட வீடு என்றால் அது ஒரு பெட்டியைப்போல் சேர்ந்து ஏறும். உங்கள் வீடு அப்படிப்பட்டது இல்லை. மெட்ராஸ் டெரஸ் கூரை என்பது மரத்துலாங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் நிறுத்திப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்தது. அது மேலிருந்து வரும் பாரத்தை நூறாண்டு தாங்கும். ஆனால் சுவர்கள் சமமாக நகராவிட்டால் அதைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இல்லை. நெடுநாள் ஓதம் வாங்கிய சுண்ணாம்புச் சுவரின் அடிப்பகுதியோ, விரலால் சுரண்டினாலே உதிரும். அந்த இடத்தைத்தான் ஜாக்கிக்காகத் துளைப்பார்கள். முடியாது என்று சொல்ல மாட்டேன். அடியில் முழுச் சுற்றுக்கும் கான்கிரீட் பட்டை ஒன்று கொடுத்துவிட்டுச் செய்யலாம். அந்தச் செலவில் வீட்டில் பாதியைப் புதிதாகவே கட்டிவிடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். உங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டா, அல்லது பொதுச்சுவரா? மாம்பலத்துக் குறுந்தெருக்களில் பல வீடுகள் ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. பொதுச்சுவர் என்றால் ஜாக்கிப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். உங்கள் பாதிச் சுவர் ஏறும்போது அவர் பாதிச் சுவர் என்ன ஆகும்?

தரையை உயர்த்துவதாக இருந்தால் அம்மையார் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக நிரப்பும் மண் சுவரை இருபது அங்குல உயரத்துக்குத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஈரம் அதன் வழியே ஏறும். நிரப்பும் முன் அந்த உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர் தடுக்கும் பூச்சு கொடுத்து, கரையான் மருந்தும் அடித்துவிடுங்கள். மண்ணை இடித்து இறுக்கும்போது அதிரும் இயந்திரம் வேண்டாம், கையால் தூக்கி இடிக்கும் திமிசு போதும். முற்றத்தையும் அதே அளவு உயர்த்துங்கள். கூடத்தை மட்டும் உயர்த்திவிட்டு முற்றத்தை அப்படியே விட்டால், வீட்டு நடுவில் கிணறு ஒன்று வெட்டிக்கொண்டதாக ஆகும்.


கீழைவாசல் (கேள்வி கேட்டவர்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தீபாவளி விடுமுறையில் பத்து நாள் மாம்பலத்தில் இருந்து, நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இடப்பக்கம் பொதுச்சுவர்தான். தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டியது என்று பத்திரத்திலேயே இருக்கிறது. ஆகவே ஜாக்கி இல்லை என்று அன்றே முடிவாயிற்று.

ஒருவழி வால்வு பொருத்துவதற்காக வாசலில் சாக்கடை இணைப்பைத் தோண்டினோம். ஓரடி போவதற்குள் கடப்பாரை கல்லில் மோதியது. மேஸ்திரி மண்ணை விலக்கிக் காட்டினார்: மூன்றாம் படி. அதற்குக் கீழே இரண்டாம் படி. முதற்படி கால்வாய்ச் சுவருக்கு அடியில் பாதி மாட்டிக்கொண்டிருந்தது. மூன்றும் சேர்ந்து பதினெட்டரை அங்குலம். கூடத்துத் தரைக்கு மேலே தெரு ஐந்து அங்குலம். மொத்தம் இருபத்து மூன்றரை அங்குலம். வெட்டிய பக்கவாட்டில் தார்ப் படுகைகள் தெளிவாகத் தெரிந்தன. எட்டு வரை எண்ண முடிந்தது. நடுவே இரண்டு இடங்களில் ஜல்லி. நான்காம் படுகைக்கும் ஐந்தாம் படுகைக்கும் நடுவில் நசுங்கிய ஒரு சோடா மூடி இருந்தது.

தாயாரை நாற்காலியில் உட்கார வைத்துப் படிகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் படியின் வலது மூலை உடைந்திருக்கும், அது உன் தம்பி அம்மிக்குழவியைப் போட்டு உடைத்தது, இருக்கிறதா பார் என்றார். இருந்தது. தம்பிக்கு அதன் படத்தை அனுப்பினேன். அவன் அதற்குப் பதில் எழுதவில்லை. ஆனால் நிரப்புவதற்கு எத்தனை லோடு ஆகும் என்று மறுநாள் கேட்டான்.

தாயார் இருக்கும்வரை வீட்டைக் கொடுப்பதில்லை, தரையை இருபத்திரண்டு அங்குலம் உயர்த்துவது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் வேலை தொடங்கும். அதுவரை வால்வும் முற்றத்து மோட்டாரும்தான் துணை. சென்ற வாரத்து மழையில் இரண்டும் வேலை செய்தன. தூணில் கோடும் வரைந்தாயிற்று. ஏரிக்கரை எழுதியது மனத்தில் உறுத்தியதால், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமும் பேசினேன். அவரும் சேர்ந்துகொண்டால் இரு வீட்டு முற்றத்து நீரையும் ஒரே குழாயில் கால்வாய்க்கு இறைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். அவர் தம் மகனைக் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார்.

கோலப்பொடி அம்மாவுக்கு ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. எங்கள் வாசல் நிலையும் தேக்குதான். அறுபது ஆண்டுக்கும் மேலாகச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. அதை வெடிக்காமல் கழற்றி மேலே ஏற்ற உங்கள் மேஸ்திரி கையாண்ட முறை என்ன என்பதையும், அதற்குத் தச்சர் தனியாக வந்தாரா என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில்: கோலப்பொடி

தச்சர் தனியாகத்தான் வந்தார், தம்பி. நிலையைச் சுவரிலிருந்து பிடுங்கவில்லை. முதலில் கதவுகளைக் கழற்றி வைத்தார். பிறகு நிலையின் நான்கு மூலையிலும் குறுக்காகச் சட்டம் அடித்து, அது கோணாமல் இருக்கும்படி கட்டினார். அதன்பின் கொத்தனார் நிலையைச் சுற்றி நான்கு அங்குலம் சுவரைக் கொத்தி எடுத்தார். மேல்சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவரில் பதிந்திருந்த இரும்புப் பிடிகளை ரம்பத்தால் அறுத்த பிறகு, ஆறு பேர் சேர்ந்து அப்படியே வெளியே எடுத்துவிட்டார்கள். கீழ்க்கட்டை மட்டும் ஓதத்தில் உளுத்திருந்தது, அதை மாற்றினோம். உங்கள் வீட்டிலும் அது உளுத்துத்தான் இருக்கும், முன்கூட்டியே மரம் பார்த்து வையுங்கள். நிலையை வெயிலில் போட வேண்டாம். ஈரச்சாக்கு சுற்றி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். தாயாரை அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், சன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.